ஊர் கூடவே வந்தது: பெரம்பலூர், அரியலூர் சேரிகளும் திருச்சி நகரமும்



அண்ணல் அம்பேத்கரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு எங்களை அழைத்த தோழர்களுக்கு நன்றி. மேடையில் நிற்பது ஒருவர்தான். ஆனால் இந்த உரையில் இருப்பவை எல்லாம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டச் சேரிகளிலும் திருச்சியின் குடியிருப்புகளிலும் பல ஆண்டுகளாகச் சேர்ந்து அலைந்த தோழர்கள், சண்டை போட்டும் சமாதானமாகியும் பேசிப் பேசிச் சேர்த்தவை. அதனால் 'நாங்கள்' என்றே பேசுகிறோம்.

கிராமப் பண்பாடும் மரபும் பக்கத்து நகரத்தை எப்படி வடிவமைக்கின்றன என்று பேசச் சொன்னார்கள். அம்பேத்கர் பெயரில் நடக்கும் கூட்டத்தில் இது கொஞ்சம் சங்கடமான தலைப்பு. 1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் வரைவு அரசியலமைப்பை முன்வைத்துப் பேசியபோது, கிராமத்தைப் புகழ்ந்துகொண்டிருந்தவர்களின் முகத்துக்கு நேரே அவர் சொன்னதை நாம் அறிவோம். அறியாமையும் குறுகிய புத்தியும் தேங்கிக் கிடக்கும் இடமாகவே கிராமத்தை அவர் பார்த்தார். ஊரைவிட்டு வெளியேறச் சொன்னவரின் நினைவு நாளில் ஊர் மரபின் பெருமையைப் பேசுவது எப்படி?

அவர் சொன்னதைக் கேட்டு நம் ஆட்கள் வெளியேறத்தான் செய்தார்கள். பெரம்பலூரிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பஸ் ஏறியவர்களில் பெரும்பாலோர் முதலில் இறங்கிய நகரம் திருச்சி. இறங்கிப் பார்த்தால் ஊரும் கூடவே வந்து இறங்கியிருந்தது. எந்த ஊர் வந்தது, எப்படி வந்தது, அதில் எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கி எறிவது என்பதுதான் இன்றைய பேச்சு.

நம் நிலைமையை முதலில் கணக்கில் பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அரியலூர் மாவட்டத்தில் நகர்ப்புறத்தில் வாழ்பவர்கள் நூற்றுக்கு 11 பேர். தமிழ்நாட்டு மாவட்டங்களிலேயே மிகக் குறைவு. பெரம்பலூரில் 17 பேர். பட்டியல் சாதியினர் பெரம்பலூரில் நூற்றுக்கு 31, அரியலூரில் 23. மாநிலச் சராசரியோ 20. அதாவது நாம் அதிகமாக இருக்கிறோம், நம் பக்கத்தில் நகரம் குறைவாக இருக்கிறது. நமக்கான நகரம் அறுபது எழுபது கிலோமீட்டருக்கு அப்பால், காவிரிக் கரையில் இருக்கிறது.

1995 வரை நாம் திருச்சி மாவட்டம்தான். பட்டா, வழக்கு, பெரியாஸ்பத்திரி, கல்லூரி எல்லாமே அங்கேதான். பிறகு பெரம்பலூர் தனி மாவட்டமானது. 2001இல் அரியலூரைப் பிரித்தார்கள், 2002இல் திரும்பச் சேர்த்தார்கள், 2007இல் மறுபடி பிரித்தார்கள். இத்தனை கோடுகள் போட்ட பிறகும் திருப்பூரிலோ சென்னையிலோ சிங்கப்பூரிலோ "எந்த ஊர்?" என்று கேட்டால் நம் வாயில் வருவது "திருச்சி பக்கம்". இதற்குப் பழக்கம் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஊர்ப் பெயரைச் சொன்னால் அடுத்த கேள்வி "அங்கே எந்தத் தெரு?" என்று வரும். நகரத்தின் பெயரைச் சொன்னால் அந்த இரண்டாவது கேள்வியைக் கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாம்.

சரி, அந்த நகரத்தை எதைக் கொண்டு கட்டினார்கள்? பாதிக்கு மேல் நம் ஊர் மண்ணைக் கொண்டுதான் என்று சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அரியலூர் முழுக்க ஒரு காலத்தில் கடல். அந்தக் கடலடியில் செத்துப் படிந்த உயிர்களின் ஓடுகளும் எலும்புகளும்தான் இன்றைய சுண்ணாம்புக்கல். பெரம்பலூர் பக்கம் சாத்தனூரில், சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு மரம் பதினெட்டு மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த எம்.எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து எழுதினார். இன்று அது தேசியப் புவியியல் நினைவுச் சின்னம். வாரணவாசியில் புதைபடிவங்களுக்கு அருங்காட்சியகமும் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்ட வேண்டிய இடங்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் கல்லான மரத்துக்கு வேலி போட்டுப் பலகை வைத்தவர்கள், அந்தக் கல்லைத் தோண்டியவர்களுக்கு, சூளையில் சுட்டவர்களுக்கு, லாரியில் ஏற்றியவர்களுக்கு எங்கே பலகை வைத்தார்கள்? டால்மியாபுரத்து ஆலை முதல் அரியலூரைச் சுற்றி இன்று நிற்கும் ஆலைகள் வரை, சுரங்கத்துக்குப் போன நிலங்களில் மானாவாரி நிலமும் உண்டு, ஆடு மாடு மேய்ந்த பொது நிலமும் உண்டு. பட்டா இருந்தவருக்கு ஏதோ ஒரு விலை கிடைத்தது. அந்த நிலத்தில் களை வெட்டிப் பிழைத்தவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. தோண்டி முடித்த பள்ளத்தில் தேங்கும் தண்ணீரின் நிறம் அழகாக இருக்கும். படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள்.

டால்மியாபுரம் என்றதும் 1953 நினைவுக்கு வரும். கல்லக்குடி என்ற பெயருக்காகத் தண்டவாளத்தில் தலைவைத்துப் படுத்த போராட்டம் அது. வடநாட்டு முதலாளியின் பெயர் வேண்டாம், தமிழ்ப் பெயர் வேண்டும் என்றார்கள். நியாயம்தான். ஊருக்குப் பெயர் அவ்வளவு முக்கியம் என்று தெரிந்த நாட்டில், நம் தெருக்களுக்கு 'காலனி' என்று ஒட்டிவைத்த பெயரை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவோம் என்ற அறிவிப்பு சட்டமன்றத்தில் வந்தது 2025 ஏப்ரலில். இடையில் எத்தனை ஆண்டுகள் என்பதை நீங்களே கழித்துப் பாருங்கள்.

கல்லுக்கு அடுத்தது சாப்பாடு. தமிழ்நாட்டில் சின்ன வெங்காயம் என்றால் பெரம்பலூர்தான். செட்டிகுளம் வட்டாரத்துக் காடுகளில் விளைந்து, பட்டறையில் காய்ந்து, திருச்சி மண்டிக்குப் போய்ச் சேர்கிறது. திருச்சிக்காரரின் சாம்பாரில் மிதப்பது நம் ஊர் வெங்காயம். அதை நட்டு, களையெடுத்து, பிடுங்கி, தாளைக் கிள்ளிச் சுத்தம் செய்தவை நம் பெண்களின் விரல்கள். மூட்டையை மண்டியில் இறக்குவது நம் ஆண்களின் முதுகு. காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை மூன்று மணிக்கு நின்று பேச்சைக் கேட்டுப் பாருங்கள். செந்துறைப் பேச்சும் குன்னம் பேச்சும் வேப்பந்தட்டைப் பேச்சும் காதில் விழும். அந்த மார்க்கெட்டின் மூட்டை தூக்கும் மொழி நம் களத்துமேட்டிலிருந்து போன மொழி.

அந்த மூட்டைகளுக்கு நடுவில்தான், 2017இல் நாடே பேசிய ஒரு பெயரின் தகப்பனும் நின்றுகொண்டிருந்தார். குழுமூர் அனிதாவைச் சொல்கிறோம். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 எடுத்த பிள்ளை. நீட் தேர்வுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய், அந்த ஆண்டு செப்டம்பர் முதல் தேதி நம்மைவிட்டுப் போன பிள்ளை. அப்பா திருச்சி காந்தி மார்க்கெட்டில் சுமை தூக்கிய தொழிலாளி. கிராமத்துக்கும் நகரத்துக்கும் உள்ள உறவு என்னவென்று சமூகவியல் வகுப்பில் படம் போட்டு விளக்குவார்கள். எங்களுக்கு அந்தப் படம் வேண்டாம், இந்த ஒரு குடும்பம் போதும். நகரத்தின் பாரத்தைத் தலைமுறையாகத் தூக்கியவர் வீட்டுப் பிள்ளை நகரத்தின் மருத்துவக் கல்லூரி வாசலுக்கு வந்தபோது, புதிதாக ஒரு கதவு போட்டுப் பூட்டினார்கள். 2022இல் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்குள்ள அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் வைக்கப்பட்டது. பெயர் இருக்கிறது, கதவும் இருக்கிறது.

திருவிழாக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், அதற்கென்று பேச வேறு பலர் இருக்கிறார்கள். மாசி பங்குனியில் சமயபுரத்துக்கு மஞ்சள் உடுத்தி நெடுஞ்சாலையில் நடந்து போகும் கூட்டத்தில் நம் மாவட்டத்துக்காரர்கள் எவ்வளவு பேர் என்பது உங்களுக்குத் தெரியும். நகரம் தன் போக்குவரத்தையே அந்த நடைக்காக மாற்றிக்கொள்கிறது. எதிர்த்திசையில், சிறுவாச்சூர் மதுரகாளியம்மனைக் குலதெய்வமாகக் கொண்ட நகரத்துக் குடும்பங்கள் திங்களும் வெள்ளியும் காரில் வந்து இறங்குகின்றன. அந்த இரண்டு நாள்தான் அங்கே நடை திறக்கும். நகரத்தின் காலண்டரில் கிராமம் இப்படி உட்கார்ந்திருக்கிறது. ஒரே ஒரு கேள்வி மட்டும்: நடந்து போகிறவருக்கும் காரில் வருகிறவருக்கும் அம்மன் ஒன்று என்கிறார்கள். தேர் எந்தத் தெருவரை வரும் என்று கேட்டால் மட்டும் ஏன் பேச்சு மாறுகிறது?

இனி பறைக்கு வருவோம். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இன்று திருச்சியில் பொங்கல் விழா நடத்தாத கல்லூரி இல்லை, பறை இல்லாத பொங்கல் விழாவும் இல்லை. மாணவிகள் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடவு வைத்து ஆடுகிறார்கள். பார்க்க மனம் நிறைகிறது. 2025இல் மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தபோது நாமும்தான் கைதட்டினோம். திண்டுக்கல் சக்திக் கலைக்குழுவின் பெண்கள் பறையைக் கையில் எடுத்தபோது முகம் சுளித்த உலகம் இன்று அதே பறையைத் தமிழர் அடையாளம் என்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் தமிழ்ப் பள்ளிகளில் சொல்லித்தருகிறார்கள்.

இதே காலத்துக்குச் சற்று முன்னால் நம் ஊர்களில் என்ன நடந்தது? எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சேரி சேரியாக இளைஞர்கள் கூடிப் பறையைக் கீழே வைத்தார்கள். ஊரில் சாவு விழுந்தால் அடிக்க மாட்டோம், செத்த மாட்டைத் தூக்க மாட்டோம், தண்டோரா போட மாட்டோம் என்றார்கள். அதற்காக வேலை மறுக்கப்பட்டது, கடையில் சாமான் மறுக்கப்பட்டது, ஊர்ப் பாதையில் நடக்க விடவில்லை. வீட்டில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் சண்டை வந்தது. தாத்தாவுக்கு அது கைப்பழக்கம், சாப்பாடு, சாமி. பேரனுக்கு அது அவமானம். இரண்டு பேருமே சரி என்பதுதான் அந்தச் சண்டையின் வலி. தண்டோரா போடும் முறையை அரசு தடை செய்தது 2022இல். சேரி தானாகவே அதை நிறுத்தி ஒரு தலைமுறை ஆன பிறகு அரசாணை வந்தது.

பறை நின்ற ஊரில் சாவு நிற்கவில்லை. ஆதிக்கச் சாதி வீடுகள் பெரம்பலூர், திருச்சி என்று நகரத்துக்கு ஆள் அனுப்பி பேண்டு செட்டைக் கூட்டிவந்தன. நகரம் நம் கிராமத்துக்குள் வந்த வழிகளில் இதுவும் ஒன்று. வேடிக்கை என்னவென்றால், வந்து இறங்கிய செட்டில் டிரம் அடித்தவர் பக்கத்து ஊர்ச் சேரியிலிருந்து நகரத்துக்குப் போனவராக இருப்பார். ஊரில் மறுத்ததை நகரத்தில் ஏன் செய்கிறீர்கள் என்று அவரைக் கேட்டோம். அவர் சொன்ன கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. "அங்க அடிச்சா கடமைம்பான். படி நெல்ல கொட்டிட்டுப் போயிருவான். பின்கட்டுலதான் சோறு. இங்க போன்ல பேசறான், அட்வான்ஸ் குடுக்கறான், டைம் முடிஞ்சா கெளம்பிருவேன். ஓட்டல்ல போயி சாப்புடுவேன்." அதே கை, அதே தாளம். நடுவில் வந்தது பேசி முடித்த கூலி. அடிமைத்தனத்துக்கும் தொழிலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் மூன்று வரியில் சொல்லிவிட்டார். ஆனால் நாங்கள் இன்னொரு கேள்வி கேட்டோம்: உங்கள் செட்டில் வேறு சாதிக்காரர் எத்தனை பேர்? சிரித்தார். கூலி மாறியது, கூப்பிடும் தெரு மாறவில்லை.

கல்லூரிப் பொங்கலுக்குப் பயிற்சி கொடுக்க எங்கள் வட்டாரத்துப் பெரியவர் ஒருவரை அழைத்துப் போயிருந்தோம். மேடைக்குப் போகும் முன் பறையைக் காய்ச்ச வேண்டும், வைக்கோல் எங்கே என்று கேட்டார். வளாகத்தில் நெருப்புப் போட அனுமதியில்லை என்றார்கள். தோல் இல்லாமல் பைபர் பறை வந்த காரணங்களில் இதுவும் ஒன்று. மாட்டுத் தோல் மேடைக்கு வேண்டாம் என்று நினைத்தவர்களுக்கு அது இன்னும் வசதியாகப் போயிற்று. பிள்ளைகள் அடித்துக்காட்டினார்கள். நல்ல வேகம், நல்ல ஒற்றுமை. பெரியவர் கேட்டு முடித்துவிட்டு எங்கள் பக்கம் குனிந்து, "பொங்கலுக்கு ஏன் தம்பி சாவு அடி அடிக்கிறாங்க?" என்றார். கல்யாண அடி, சாமி அடி, சாவு அடி என்று எல்லாம் தனித்தனி. அதில் விறுவிறுப்பானது என்று நகரம் தேர்ந்தெடுத்துக்கொண்டது சாவு அடியை. பிள்ளைகளிடம் சொன்னபோது அவர்களுக்கு அதிர்ச்சி. அதில் ஒரு பெண் மட்டும், "அப்ப கல்யாண அடி சொல்லிக் குடுங்க தாத்தா" என்றாள். அன்று சாயங்காலம் வரை சொல்லிக்கொடுத்தார்.

இந்த நிகழ்ச்சியை நாங்கள் பல இடங்களில் சொல்லியிருக்கிறோம். கேட்பவர்கள், "நகரம் நம் கலையைத் திருடிவிட்டது என்கிறீர்களா?" என்பார்கள். அப்படிச் சொல்லவில்லை. அந்தப் பெண் பறை அடிக்கட்டும், ஆயிரம் பேர் அடிக்கட்டும். நாங்கள் சொல்வது வேறு. பறை அடித்தது மட்டும் மரபில்லை, பறையைக் கீழே வைத்ததும் மரபுதான். வைத்த ஊர்களின் பெயரும், வைத்த ஆண்டும், அதற்காக இழந்த கூலியும் பறைக் கலையின் வரலாற்றில் எழுதப்பட வேண்டும். மறுப்பை மறைத்துவிட்டுத் தாளத்தை மட்டும் எடுத்துப்போனால், நகரத்துக்குக் கிடைப்பது ஒலி மட்டும்தான்.

இது நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் முதல் எழுபது ஆண்டுகளில் சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளைவிட்டு வடக்கு நகரங்களுக்குப் போனார்கள். மிசிசிப்பிக் காட்டின் ப்ளூஸ் இசை அவர்களோடு சிகாகோவுக்குப் போயிற்று. 1943இல் அங்கே போய்ச் சேர்ந்த மடி வாட்டர்ஸ் கிதாரில் மின்சாரத்தைச் செலுத்தி வாசித்தார். உலகமே ஆடியது. ஆடிய நகரம் அவர்களைத் தெற்குப் பகுதிக் குடியிருப்புகளுக்குள்தான் வைத்திருந்தது. சென்னையின் கானாவும் அப்படிப்பட்ட பயணத்தில் பிறந்ததுதான். கிராமத்து ஒப்பாரி வடசென்னைச் சாவு வீட்டுக்கு வந்து கானாவானது. 2018 ஜனவரியில் 'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடை ஏறியபோது, அதைச் சாவுப் பாட்டு என்று ஒதுக்கியவர்களும் கேட்டார்கள். திருச்சிக்கு அப்படி ஒரு மேடை இன்னும் அமையவில்லை. காந்தி மார்க்கெட்டில் பாட்டு இல்லாமலா இருக்கும்?

இப்போது தலைப்பின் கசப்பான பாதி. கிராமம் நகரத்துக்குக் கொடுத்தது கல்லும் வெங்காயமும் தாளமும் மட்டும் இல்லை, வரைபடத்தையும் கொடுத்தது.

சமூகவியல் படித்தபோது ஆந்த்ரே பெத்தேயின் 1965ஆம் ஆண்டுப் புத்தகத்தைப் பாடமாக வைத்திருந்தார்கள். தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றை அக்ரகாரம், குடியானத் தெரு, சேரி என்று மூன்றாக வைத்துப் படிக்கும் ஆய்வு. அக்ரகாரத்தில் தங்கியிருந்ததால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்று ஆய்வாளரே ஒப்புக்கொள்கிறார். அவருடைய நேர்மையை மதிக்கிறோம். அந்த மூன்று பகுதிப் படத்தை நகரத்தின்மேல் வைத்துப் பார்க்க வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நாங்கள் வைத்துப் பார்த்தோம். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. 2010இல் பெரியார் இயக்கத் தோழர்கள் அதன் ஒரு பகுதியை இடித்தார்கள். மாநகராட்சி எல்லைக்குள், பஸ் போகும் சாலைப் பக்கத்தில், செத்தவர்களுக்கு இடையில் ஊரும் சேரியும். தனிச் சுடுகாடு கிராமத்து வழக்கம் என்று நினைத்தவர்களுக்கு நகரம் சிமெண்டில் பதில் சொல்லியது. அந்தச் சிமெண்டும் எங்கள் பக்கத்திலிருந்து போனதாக இருக்கலாம்.

உயிரோடு இருப்பவர்களுக்கு வாடகை வீடு. முதலில் "சைவமா?" அடுத்து "சொந்த ஊர்?" அடுத்து "குலதெய்வம் எது?" கடைசிக் கேள்விக்கு வரும்போது முடிவு ஆகியிருக்கும். "வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து வருகிறாராம்" என்று அடுத்த நாள் போன் வரும். எங்களில் இப்படி ஒரு போன் வராதவர் யாரும் இல்லை.

இந்த வரைபடம் நேற்று போட்டதும் இல்லை. ராஜராஜன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களைக் கணக்குச் சொல்லும் இடத்தில் ஊர் நத்தம் தனியாக வருகிறது; பறைச்சேரி, கம்மாணச்சேரி, தீண்டாச்சேரி தனியாக வருகின்றன; பறைச் சுடுகாடும் தனியாக வருகிறது. அவன் மகன் கட்டிய தலைநகரம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2025 ஜூலையில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பிரதமர் வந்தார், நாணயம் வெளியிட்டார்கள், ஆயிரம் ஆண்டுப் பெருமை பேசினார்கள். அந்தப் பெருநகரம் எங்கே போயிற்று என்று பார்த்தால், ஊர்களாகச் சிதறிக் கிடக்கிறது: உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், சுண்ணாம்புக்குழி. கோட்டை, மாளிகை, ஆயுதம், சுண்ணாம்பு. கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்து 1836இல் கொள்ளிடத்தின் கீழணைக்குக் கொண்டுபோனார்கள். மாளிகைமேட்டில் அகழாய்வு நடந்தது, மகிழ்ச்சி. சுண்ணாம்புக்குழியில் சுண்ணாம்பு சுட்டவர் யார் என்று தோண்டும் அகழாய்வு எப்போது? பக்கத்தில் விக்கிரமங்கலத்தில் புத்தர் சிலை இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் தொடங்கிய பத்திரிகையில், சேரியின் மரபு பௌத்த மரபு என்று வாரந்தோறும் எழுதினார். நம் பாரம்பரியச் சுற்றுலா வரைபடத்தில் ராஜேந்திரனுக்கு இருக்கும் எழுத்தின் அளவில் பாதியாவது அந்தப் புத்தருக்குக் கிடைக்க வேண்டும்.

இவ்வளவும் வரலாறு என்று ஒதுக்கிவிட முடியாது. 2019 ஏப்ரல் 18, நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு நாள். பொன்பரப்பியில் நம் மக்களின் வீடுகளை உடைத்தார்கள். ஓட்டுப் போடுவது நகரத்து நாகரிகம், வீட்டை உடைப்பது கிராமத்துப் பழக்கம் என்று பிரித்துச் சொல்ல முடியுமா? உடைத்த இளைஞர்கள் கையில் இருந்த செல்போனில்தான் அந்தக் காட்சி ஊர் உலகமெல்லாம் போயிற்று. அதே இளைஞர்கள் நகரத்துக்கு வேலைக்கு வருவார்கள், விடுதியில் தங்குவார்கள், கையில் சாதிக் கயிறு கட்டியிருப்பார்கள். அதுவும் கிராமத்து மரபு நகரத்தை வடிவமைப்பதுதான்.

இப்போது திசை மாறுகிறது. நகரம் நம்மைத் தேடி வருகிறது. எறையூர் சிப்காட்டில் 2022இல் காலணி ஆலைக்கு அடிக்கல் நாட்டி 2023இல் திறந்தார்கள். ஜெயங்கொண்டம் பக்கமும் காலணி ஆலை வருகிறது. காலையில் கம்பெனி பஸ் நம் தெரு முனையில் நின்று பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. நாங்கள் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டோம். களை வெட்டும் கூலியைவிட இது மேல், மாதச் சம்பளம், வங்கிக் கணக்கு. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. ஊர்த் தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த பாட்டிகள் இந்த மாவட்டத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். அவர்களின் பேத்திகள் உலகத்தின் கால்களுக்குச் செருப்பு செய்கிறார்கள். ஒரு பாட்டியிடம் இதைச் சொன்னோம். "எத்தன ரூவாடா ஒரு ஜோடி?" என்று கேட்டார். சொன்னோம். "அந்த வெலைக்கு எனக்கு ஒரு மாசத்துக்கு அரிசி வரும்" என்றார். பேத்தி அந்தக் கம்பெனிச் செருப்பைப் போட்டிருக்கவில்லை, சந்தையில் வாங்கியதைத்தான் போட்டிருந்தாள். ஊர்த் தெரு வழியாகக் கழற்றாமல்தான் வந்தாள்.

அதனால், அம்பேத்கர் கிராமத்தைப் பற்றிச் சொன்னதையும் நம் மரபைப் பற்றி நாம் பேசுவதையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை என்றே நினைக்கிறோம். ஊர் வேறு, சேரி வேறு. அவர் விட்டுவரச் சொன்னது ஊரின் சட்டத்தை. சேரியின் கைத்திறனை, பாட்டை, புத்தரை, மறுப்பை விட்டுவரச் சொல்லவில்லை. நகரத்தில் நடந்ததோ தலைகீழ். ஊரின் சட்டம் பத்திரமாக வந்து சேர்ந்தது. சேரியின் மரபில் பாதி வழியிலேயே பெயர் தெரியாமல் போயிற்று.

அந்தப் பாதியைத் திரும்ப எடுக்க ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். மண்டப வாசலில் மூன்று நோட்டுகள் வைத்திருக்கிறோம். ஒன்றில் உங்கள் சேரியில் உள்ள இடப் பெயர்களை எழுதுங்கள்: மேடு, குழி, திட்டு, மரத்தடி, கிணறு, சுடுகாட்டுப் பாதை, எதுவானாலும். இரண்டாவதில் உங்கள் ஊரில் பறை அடித்தவர்களின் பெயரும் அவர்களுக்குத் தெரிந்த அடிகளின் பெயரும். உயிரோடு இருப்பவர் என்றால் ஒரு நட்சத்திரம் போடுங்கள், பதிவு செய்ய நாங்கள் வருகிறோம். மூன்றாவது நோட்டுதான் முக்கியம். உங்கள் ஊரில் பறை, தண்டோரா, செத்த மாடு, இவற்றை எந்த ஆண்டு நிறுத்தினீர்கள், யார் முதலில் மாட்டேன் என்று சொன்னார்கள், அதற்கு என்ன நடந்தது என்று எழுதுங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் போதும், தோழர்கள் எழுதிக்கொள்வார்கள். ஆண்டு நினைவில்லை என்றால் எந்தத் தேர்தலுக்கு முன்னால், யார் வீட்டுக் கல்யாணத்துக்குப் பின்னால் என்று சொன்னாலும் சரி, நாங்கள் கணக்குப் போட்டுக்கொள்கிறோம். கடைசிப் பஸ் ஒன்பதரைக்கு என்பதால் அதற்குள் வரிசையை முடித்துவிடலாம்.

ஜெய்பீம்.